987654321-ஐ அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி?

ஒரு பெரிய எண்ணுக்கு எத்தனை காரணிகள், அது குறைவெண்ணா மிகையெண்ணா (தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டல் தன்னைவிடச் சிறியதா பெரியதா), அதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் அதற்குக் கீழே எத்தனை, அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா என்று நீளமாகப் பட்டியல் போட்டிருப்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அந்தப் பட்டியலின் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து வருகிறது. எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துவிட்டால் மீதி வேலை பள்ளிக்கூடப் பெருக்கல்தான். அதனால் நேரத்தின் பெரும்பகுதியைப் பிரிப்பதில் செலவழியுங்கள். அங்கே ஒரு பிழை நுழைந்தால் அடுத்து வரும் எல்லா விடையும் தப்பாகும், அதுவும் சத்தமில்லாமல்.

எடுத்துக்காட்டுக்கு எல்லோருக்கும் தெரிந்த 987654321-ஐ எடுத்துக்கொள்வோம். தாள், பேனா, கடைக் கல்லாவில் இருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டர் போதும். 10 இலக்கம் காட்டும் கால்குலேட்டர் வேண்டாம். நடுவில் 11, 12 இலக்கப் பெருக்குத்தொகை வரும்போது அது கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும், நமக்குத் தேவையோ அந்தக் கடைசி இலக்கங்கள்தான்.

முதலில் எல்லை

ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றாவது இருந்தாக வேண்டும். 31426² = 987593476, 31427² = 987656329. நம் எண் இவற்றுக்கு நடுவே விழுகிறது. ஆகவே 31426 வரைக்கும் உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். அப்படிச் சோதித்தாலும் ஆயிரக்கணக்கில் வகுக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு காரணி கிடைக்கும்போதும் இந்த எல்லை சடசடவென இறங்கும். போகிற போக்கில் ஒரு குணமும் கையில் கிடைத்துவிட்டது: இது முழு வர்க்கம் இல்லை.

சின்னப் பகா எண்கள்

கடைசி இலக்கம் 1. எனவே 2, 5 இரண்டும் போயிற்று. இலக்கக் கூட்டல் 45, அது 9-ஆல் வகுபடும், எனவே எண்ணும் 9-ஆல் வகுபடும். வகுத்தால் 109739369. இங்கேதான் அவசரக்காரர்கள் வழுக்குவார்கள். ஒரு காரணி கிடைத்ததும் அதே காரணியை மறுபடி சோதிக்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். புது எண்ணின் இலக்கக் கூட்டல் 47, 3-ஆல் வகுபடாது. ஆகவே 3-இன் அடுக்கு சரியாக 2.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்கலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்: 369 − 739 + 109 = −261. 261-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2, 11-ஆல் வகுத்தால் மீதி 8, 13-ஆல் வகுத்தால் மீதி 1. மூன்றும் காரணி இல்லை. இடப்பக்கத்திலிருந்து வெட்டினால் இந்த உத்தி வேலை செய்யாது. இலக்க எண்ணிக்கை மூன்றின் மடங்காக இருக்கும்போது அந்தத் தவறு தெரியாது, மற்ற நேரங்களில் காலை வாரிவிடும்.

அடுத்தது 17. 109739369 ÷ 17 = 6455257, மீதி இல்லை. மறுபடி 17: 6455257 ÷ 17 = 379721, இதற்கும் மீதி இல்லை. இன்னொரு முறை வகுத்தால் மீதி 9. ஆகவே 17-இன் அடுக்கும் 2.

இப்போது கையில் இருப்பது 379721. இதன் வர்க்கமூலம் 616-க்குச் சற்று மேல். 31426-இல் தொடங்கிய எல்லை 616-க்கு வந்துவிட்டது. 616 வரை மொத்தம் 112 பகா எண்கள், அவற்றில் 17 வரையிலான ஏழு முடிந்துவிட்டன. பாக்கி 105.

379721 பகா எண்தானா?

நேர்வழி, 19-இல் தொடங்கி 613 வரை 105 முறை வகுப்பது. சலிப்பான வேலை, ஆனால் நிச்சயமான வேலை. ஒழுங்காக வகுத்தால் எதுவும் மீதியின்றி வகுக்காது, எனவே இது பகா எண். சில உத்திகள் சுமையைக் குறைக்கும். 999 = 27 × 37 என்பதால் மூன்று மூன்று இலக்கத் துண்டுகளைக் கூட்டி 37-ஐச் சோதிக்கலாம்: 379 + 721 = 1100, 37-ஆல் வகுக்க மீதி 27. இரண்டிரண்டு இலக்கத் துண்டுகளை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 101: 21 − 97 + 37 = −39, அதுவும் இல்லை. வகுக்கும்போது பகா எண் பட்டியலை எதிரே வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். மனக்கணக்காய்ப் போனால் 221, 323, 391 போன்ற வேடதாரிகளை வகுத்து நேரம் போகும், நடுவே உண்மையான பகா எண் ஒன்று விடுபட்டும் போகும்.

எண்ணின் அமைப்பு தெரிந்தால் வகுத்துப் பார்க்க வேண்டிய பட்டியலே சுருங்கும். 2³² + 1, அதாவது 4294967297, பகா எண் என்றே கணித மேதை ஃபெர்மா நினைத்தார். அதற்குப் பகாக் காரணி ஏதும் இருந்தால் அது 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும் என்பது அவருக்குப் பின் வந்த கணித மேதை ஆய்லர் பிடித்த துப்பு. அந்த வடிவில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே சிக்கிவிட்டது: 641 × 6700417. அது 1732-இல். நம் 379721-க்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை.

வகுக்காமலே நிரூபிக்கும் வழி ஒன்று உண்டு. ஆறு இலக்க எண்ணுக்கு அது அவசியமில்லை, 105 வகுத்தலே சீக்கிரம் முடியும். ஆனால் கையில் மிஞ்சியது 15 இலக்கமாக இருந்தால் வகுத்து மாளாது. அதனால் சின்ன எண்ணிலேயே பழகிக்கொள்வது நல்லது.

தொடக்கம் ஃபெர்மாவின் சிறு தேற்றம்: ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்து, 2-ஐ அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வரும். இதைத் தலைகீழாகப் பயன்படுத்தி, "மீதி 1 வந்தது, ஆகவே பகா எண்" என்று முடிவுகட்டுவதுதான் இத்துறையில் மிகப் பழைய தவறு. 341 = 11 × 31, ஆனாலும் 2³⁴⁰-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1. 561 இன்னும் மோசம். அதோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை அடியாக வைத்தாலும் ஏமாற்றும். மீதி 1 வராவிட்டால் நிச்சயம் பகு எண். வந்தால் சந்தேகம் குறைகிறது, அவ்வளவுதான்.

அந்தச் சந்தேகத்தை முழுதாகத் தீர்ப்பது பாக்லிங்டன் என்ற கணிதரின் சோதனை. எண்ணை விட்டுவிட்டு, அதைவிட ஒன்று குறைந்த எண்ணைப் பிரியுங்கள்: 379720 = 2³ × 5 × 11 × 863. இதில் 863 பகா எண் (29 வரை வகுத்துப் பார்த்தால் போதும்), அது 616-ஐவிடப் பெரியதும்கூட. இந்த அதிர்ஷ்டம்தான் வேலையைச் சுலபமாக்குகிறது. 379720 = 440 × 863. எனவே முதலில் 2⁴⁴⁰-ஐ 379721-ஆல் வகுத்தால் வரும் மீதியைக் கண்டுபிடித்து, பிறகு அதை 863-ஆம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும்.

2²⁷ = 134217728, மீதி 176215. அதை வர்க்கமாக்கினால் 2⁵⁴-க்கு மீதி 41450. இரட்டித்தால் 2⁵⁵-க்கு 82900. அடுத்தடுத்து வர்க்கமாக்கினால் 2¹¹⁰-க்கு 219342, 2²²⁰-க்கு 262264, 2⁴⁴⁰-க்கு 123477.

கால்குலேட்டரில் மீதி எடுக்கும் முறை: பெருக்குத்தொகையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், 379721-ஆல் வகுங்கள், புள்ளிக்கு இடப்பக்கம் உள்ள ஈவை மட்டும் எடுத்து 379721-ஆல் பெருக்கி, எழுதி வைத்ததிலிருந்து கழியுங்கள். புள்ளிக்கு வலப்பக்கம் உள்ள தசமத்தை 379721-ஆல் பெருக்கி மீதி எடுக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஈவே ஐந்தாறு இலக்கம் இருக்கும்போது தசமத்துக்கு மிஞ்சுவது ஆறேழு இலக்கம்தான், கடைசி இலக்கம் ஒன்றிரண்டு தடம் புரளும். மீதி பாதியைத் தாண்டினால் 379721-ஐக் கழித்து எதிர்ம எண்ணாக வைத்துக்கொள்ளலாம். 219342-க்குப் பதில் −160379. வர்க்கமாக்கும்போது குறி மறைந்துவிடும், பெருக்கல் சிறிதாகும்.

இப்போது 123477-ஐ 863-ஆம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 863-ஐ இரும எண்ணாக எழுதினால் 1101011111. இடமிருந்து படியுங்கள்: ஒவ்வொரு படியிலும் வர்க்கமாக்கு, இலக்கம் 1 என்றால் கூடவே 123477-ஆல் பெருக்கு. அடுக்குகள் 1, 3, 6, 13, 26, 53, 107, 215, 431, 863 என்று ஏறும். ஒவ்வொன்றிலும் கிடைக்கும் மீதிகள் இவை:

1 → 123477
3 → 247748
6 → 209622
13 → 210868
26 → 364045
53 → 64879
107 → 184778
215 → 228661
431 → 272219
863 → 1

மொத்தம் 16 பெருக்கல். கடைசியில் 1 வந்ததே கணக்குக்குக் காவலும்கூட. நடுவில் எங்காவது ஓர் இலக்கம் பிசகியிருந்தால் இப்படிச் சுத்தமாக 1-இல் வந்து நிற்பது அபூர்வத்திலும் அபூர்வம். 1 வராவிட்டால் உடனே "பகு எண்" என்று எழுதிவிட வேண்டாம். கையால் செய்த கணக்கில் பிசகுதான் முதல் சந்தேகத்துக்குரியது. மேலிருந்து திரும்பப் பாருங்கள்.

இன்னும் ஒரு படி பாக்கி. 123477 − 1 = 123476. இதற்கும் 379721-க்கும் மீப்பெரு பொதுக் காரணியை யூக்ளிட் முறையில் எடுங்கள்: மீதிகள் 9293, 2667, 1292, 83, 47, 36, 11, 3, 2, 1. விடை 1. நிரூபணம் முடிந்தது. ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 379721 பகு எண் என்று வைத்தால் 616-ஐத் தாண்டாத பகாக் காரணி ஒன்று அதற்கு இருக்கும். அந்தக் காரணியால் வகுத்துப் பார்க்கும்போது 123477-இன் 863-ஆம் அடுக்குக்கு மீதி 1, ஆனால் 123477-க்கு மீதி 1 இல்லை. 863 பகா எண் என்பதால், அந்தக் காரணியிலிருந்து 1-ஐக் கழித்தது 863-ஆல் வகுபட்டாக வேண்டும். அப்படியானால் காரணி 863-ஐவிடப் பெரியது. 616-க்குள் இருக்க வேண்டியது 863-ஐத் தாண்ட முடியாது.

ஆக, 987654321 = 3² × 17² × 379721.

காரணிகளின் எண்ணிக்கையும் கூட்டலும்

அடுக்குகள் 2, 2, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 3 × 3 × 2 = 18 காரணிகள். முழுப் பட்டியல் வேண்டுமென்றால் ஜோடி ஜோடியாக எழுதுங்கள், ஒன்றுகூட விடுபடாது:

1 × 987654321
3 × 329218107
9 × 109739369
17 × 58097313
51 × 19365771
153 × 6455257
289 × 3417489
867 × 1139163
2601 × 379721

இந்த ஜோடிகளிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. எண் ஒற்றைப்படை என்பதால், ஒவ்வொரு ஜோடியும் அதை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத ஒரு வழி தரும். மொத்தம் 9 வழி.

காரணிகளின் கூட்டலுக்கு ஒவ்வொரு பகா எண்ணுக்கும் தனித்தனியாக அடுக்குகளைக் கூட்டி, பிறகு பெருக்க வேண்டும்: (1 + 3 + 9) × (1 + 17 + 289) × (1 + 379721) = 13 × 307 × 379722 = 1515470502. மூன்று அடைப்புக்குறிகளைக் கூட்டுவதும், 1-ஐ மறப்பதும் வழக்கமான பிழைகள். ஒன்பதை ஒழிக்கும் பழைய சோதனையைப் போட்டுவிடுங்கள்: 13, 307, 379722 ஆகியவற்றை 9-ஆல் வகுத்த மீதிகள் 4, 1, 3. பெருக்கினால் 12, அதாவது 3. விடையின் இலக்கக் கூட்டல் 30, அதுவும் 3. இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனை பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூட்டலிலிருந்து எண்ணையே கழித்தால் 527816181. இது எண்ணைவிடச் சிறியது, ஆகவே 987654321 ஒரு குறைவெண். சமமாக வந்தால் நிறைவெண் (6, 28, 496, 8128), பெரிதாக வந்தால் மிகையெண். இந்த வகைப்பாட்டுக்கு இவ்வளவு பெருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. காரணிக் கூட்டலை எண்ணால் வகுத்தால் வரும் விகிதம், ஒவ்வொரு பகாக் காரணியையும் அதைவிட ஒன்று குறைந்ததால் வகுத்துப் பெருக்கியதற்கு எப்போதும் கீழேதான் இருக்கும். இங்கே 3/2 × 17/16 = 1.59375, மூன்றாவது காரணி ஏறக்குறைய 1. இரண்டைத் தொட வாய்ப்பே இல்லை. ஒற்றைப்படை எண்களில் மிகையெண் அரிது. முதலாவது 945, அதற்கே 3, 5, 7 மூன்றும் வேண்டியிருக்கிறது.

ஃபை சார்பு, அதாவது எண்ணுக்குக் கீழே அதோடு பொதுக் காரணி இல்லாத எண்களின் எண்ணிக்கை: 3²-க்கு 3 × 2 = 6, 17²-க்கு 17 × 16 = 272, 379721-க்கு 379720. பெருக்கினால் 619703040. 17²-க்கு 16 × 16 என்று போடுவதுதான் இங்கே அதிகம் பார்க்கும் தவறு. சரிபார்க்க, விடையை எண்ணால் வகுங்கள். 2/3 × 16/17 = 0.62745-ஐ ஒட்டி வர வேண்டும், வருகிறது.

மற்றவை வரிக்கு ஒன்று. மோபியஸ் சார்பின் மதிப்பு 0 (வர்க்கக் காரணி உள்ள எந்த எண்ணுக்கும் இது 0-தான்). வெவ்வேறு பகாக் காரணிகள் 3, திரும்ப வருவதையும் எண்ணினால் 5. ஒவ்வொரு பகா எண்ணையும் ஒரே முறை எடுத்துப் பெருக்கினால் 19365771. மிகப் பெரிய பகாக் காரணி எண்ணின் வர்க்கமூலத்தைவிடப் பெரியது. இப்படிப்பட்ட எண்களுக்கு ஆங்கிலத்தில் 'வழக்கத்துக்கு மாறானவை' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 69 எண்கள் அந்த வகைதான். 123456789-உடன் இதன் மீ.பொ.கா எடுக்கச் சொன்னால் பிரிக்கவே வேண்டாம்: 987654321 = 8 × 123456789 + 9. விடை 9.

எதிர்க்கோடியில் ஓர் எண்

18 காரணிகள் என்பது ஒன்பது இலக்க எண்ணுக்குச் சுமார்தான். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்டதை உயர் பகு எண் என்பார்கள். ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை இவற்றைப் பற்றியது. இந்த எண்களைப் பகாக் காரணிப் பிரிப்பைப் பார்த்தே சலித்தெடுக்க ஒரு சல்லடை உண்டு. பகா எண்கள் 2-இல் தொடங்கி இடைவெளி இல்லாமல் வர வேண்டும், அடுக்குகள் போகப் போக ஏறக் கூடாது, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1-ஆக இருக்க வேண்டும் (4, 36 இரண்டும் மட்டும் விதிவிலக்கு). நம் எண்ணில் 2 இல்லை, 5 இல்லை, முதல் கல்லிலேயே விழுந்துவிட்டது.

சல்லடையைத் தாண்டினால் மட்டும் போதாது, கீழே உள்ள போட்டியாளர்களோடு ஒப்பிட வேண்டும். அது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு ராமானுஜனின் அட்டவணையே சாட்சி. அதன் கடைசி எண் 6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23, காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2⁵ = 10080. இதிலிருந்து 23-ஐ எடுத்துவிட்டால் 293318625600, காரணிகள் 5040. அதுவும் உயர் பகு எண்தான். அந்த ஒன்று மட்டும் அட்டவணையில் விடுபட்டுப்போயிற்று. விடுபட்ட இந்த எண்ணின் காரணிக் கூட்டல் எண்ணைப் போல ஏறக்குறைய 5.6 மடங்கு. நம் எண்ணுக்கு அது 1.53.

இரண்டு வர்க்கங்களின் கூட்டல்

விதி எளிது: 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டை அடுக்கில் வர வேண்டும். இங்கே 3 மட்டும் அப்படி, அதன் அடுக்கு 2. 17-க்கும் 379721-க்கும் மீதி 1. எனவே எழுத முடியும்.

17 = 4² + 1². 379721-க்குத் தேட வேண்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. 8-ஆல் வகுக்க மீதி 1, எனவே இரண்டில் ஒன்று ஒற்றைப்படை, மற்றது 4-இன் மடங்கு. 3-ஆல் வகுக்க மீதி 2, எனவே இரண்டுமே 3-இன் மடங்கு இல்லை. 5-ஆல் வகுக்க மீதி 1, எனவே ஒன்று 5-இன் மடங்கு. இரட்டைப்படை எண்ணே 5-இன் மடங்கு என்று முதலில் வைத்துப் பார்ப்போம். அப்போது அது 20-இன் மடங்கு, 60-இன் மடங்கு இல்லை: 20, 40, 80, 100... 20-க்கு 379321, வர்க்கம் இல்லை. 40-க்கு 378121, இல்லை. 80-க்கு 373321 = 611². மூன்றாவதிலேயே கிடைத்தது. கிடைக்காமல் பட்டியல் தீர்ந்திருந்தால், ஒற்றைப்படை எண் 5-இன் மடங்கு என்று மாற்றி வைத்துத் தேடியிருக்க வேண்டும்.

3 × 17 = 51-ஐ வெளியே எடுத்தால் முதல் விடை: 31161² + 4080². மற்ற இரண்டும் பிரம்மகுப்தரின் சமன்பாட்டிலிருந்து வரும். இரண்டு வர்க்கக் கூட்டல்களைப் பெருக்கினால் கிடைப்பதும் வர்க்கக் கூட்டலே, அதுவும் இரண்டு விதமாக. 17² = 15² + 8². இதை 611, 80-உடன் குறுக்கே பெருக்க வேண்டும். 15 × 611 − 8 × 80 = 8525, 15 × 80 + 8 × 611 = 6088. மூன்றால் பெருக்கினால் 25575² + 18264². குறிகளை மாற்றினால் 9805, 3688, அதாவது 29415² + 11064². மூன்றையும் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், மூன்றும் 987654321-இல்தான் வந்து நிற்கும். நான்காவது உண்டா என்று தேட வேண்டாம். 17-இன் அடுக்கு 2, 379721-இன் அடுக்கு 1, ஒன்று கூட்டிப் பெருக்க 3 × 2 = 6, வரிசை மாற்றத்தைக் கழித்தால் 3. அவ்வளவே.

வடிவமும் இலக்கமும்

முக்கோண எண்ணா (1, 3, 6, 10 போல 1, 2, 3 என்று தொடர்ந்து கூட்டினால் வருவதா) என்று அறிய, 8-ஆல் பெருக்கி 1 கூட்டி, வர்க்கமா என்று பாருங்கள். 7901234569 என்பது 88888²-க்கும் (7901076544) 88889²-க்கும் (7901254321) நடுவே நிற்கிறது. முக்கோண எண் இல்லை.

இலக்கத்தை வைத்துச் சொல்லும் குணங்களைத் தனியாக வையுங்கள். அவை எண்ணின் குணத்தைவிட, நாம் பத்தை அடியாக வைத்து எழுதும் வழக்கத்தின் குணம். கணிதர் காப்ரேக்கர் பெயர் சூட்டிய ஹர்ஷத் எண், தன் இலக்கக் கூட்டலால் வகுபட வேண்டும். இங்கே கூட்டல் 45, கடைசி இலக்கமோ 1, எனவே 5-ஆலேயே வகுபடாது. இரும வடிவம் 11 1010 1101 1110 0110 1000 1011 0001. மொத்தம் 30 இலக்கம், அவற்றில் 17 ஒன்றுகள்.

கணினியில் செய்யும்போது

லினக்ஸ் முனையத்தில் 'ஃபாக்டர்' கட்டளைக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் கண் இமைப்பதற்குள் 3 3 17 17 379721 என்று வரும். சொந்தமாக நிரல் எழுதுபவர்களுக்குத்தான் குழிகள். 987654321 என்பது 2147483647-க்குள் அடங்குவதால் 32 பிட் முழு எண்ணில் நிம்மதியாக உட்காரும். அதை நம்பி அடுக்கு மீதி எடுக்கப் போனால், 123477-இன் வர்க்கமே 15246569529. எல்லை தாண்டி, எதிர்ம எண்ணோ சம்பந்தமில்லாத எண்ணோ வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. 64 பிட் வகையைப் பயன்படுத்துங்கள். பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லை இல்லை, ஆனால் வகுக்க ஒற்றைச் சாய்வுக்கோடு போட்டால் விடை தசம எண்ணாக மாறி, பெரிய எண்களில் கடைசி இலக்கங்கள் கரையும். இரட்டைச் சாய்வுக்கோடு போடுங்கள். அடுக்கு மீதிக்கு 'பவ்' செயல்கூற்றுக்கு மூன்று உள்ளீடு கொடுங்கள். முதலில் அடுக்கை முழுதாகக் கணக்கிட்டு அப்புறம் மீதி எடுத்தால், 2³⁷⁹⁷²⁰ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கத்தோடு வீண் சுமையாக வந்து நிற்கும். எக்செல் 15 இலக்கம் வரைதான் நம்பத் தகுந்தது. 16-ஆவது இலக்கத்திலிருந்து பூஜ்யமாக்கிவிடும், அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து எண் 2-ஆலும் 5-ஆலும் வகுபடுவதாக அடித்துச் சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணுக்குப் பாதுகாப்பான எல்லை 9007199254740991. அதற்கு மேல் 'பிக்இன்ட்' வகைக்கு மாறிக்கொள்ளுங்கள்.